காக்கையை அதன் சொல்லாலேயே அழைப்பது ஏன்

அந்தக் காலத்தில் பறவைகளும் விலங்குகளும் மனிதர்களும் அவரவர் பேச்சைப் பேசிக்கொண்டு, பக்கத்துப் பக்கத்து ஊர்க்காரர்களைப் போல வாழ்ந்துவந்தார்கள். ஒருவர் பேச்சு மற்றவருக்கு முழுக்கப் புரியாது. ஆனால் நின்று கேட்டால் விளங்கும், பழகினால் பேசவும் வரும். மழை வரப்போகிறது என்று தவளை சொன்னால் உழவன் மாட்டை ஓட்டிக்கொண்டு வீடு திரும்புவான்.

ஆறு கடலில் கலக்கிற கழிமுகத்தில், தாழை மரங்களின் மேல் ஒரு கருப்புப் பறவைக் கூட்டம் குடியிருந்தது. அவர்களுக்கு அப்போது பெயர் கிடையாது. மற்றவர்கள் கருப்புக்கூட்டம் என்றார்கள். அவர்கள் தங்களை 'நாம்' என்று மட்டும் சொல்லிக்கொண்டார்கள்.

குரல் கரகரப்பு. ஆனால் பேச்சு பெரியது. கால் புதைகிற சேற்றுக்கு ஒரு சொல், நண்டு ஒளிந்திருக்கிற சேற்றுக்கு இன்னொரு சொல் வைத்திருந்தார்கள். கடற்காற்று நின்று கரைக்காற்று கிளம்புகிற இடைவேளைக்குக்கூட அவர்களிடம் சொல் உண்டு. இத்தனை சொற்களிலும் மிகச் சிறியது 'கா'.

இரையைக் கண்டதும், அதில் வாய் வைப்பதற்கு முன்னால் சொல்லுகிற சொல் அது. கரையில் மீன் ஒதுங்கியிருந்தாலும் சரி, மீனவப் பெண் உதறிய கூடையிலிருந்து நாலு பொடிமீன் விழுந்திருந்தாலும் சரி, கண்டவர் முதலில் தலையை நிமிர்த்தி 'கா' என்பார். சுற்றியுள்ள கிளைகளிலிருந்து மற்றவர்கள் வந்து இறங்குவார்கள். அதற்குப் பிறகுதான் சாப்பாடு. சொல்லாமல் தின்னக் கூடாது என்று யாரும் சட்டம் போட்டிருக்கவில்லை. சொல்லாமல் தின்றால் தொண்டையில் இறங்காது, அவ்வளவுதான். குஞ்சு முட்டையை விட்டு வெளியே வந்ததும், தாய் முதல் கவளத்தோடு அந்தச் சொல்லையும் சேர்த்தே அதன் வாயில் ஊட்டுவாள்.

அந்தக் கூட்டத்தில் மைச்சிறகி என்று ஒருத்தி இருந்தாள். அவளுடைய அண்ணன் நெடுமூக்கனுக்கு இளம் வயதிலேயே புயல் மணல் அடித்து இரண்டு கண்ணும் போய்விட்டன. கண் இல்லாவிட்டாலும் அவன் ஒரு நாளும் பட்டினி கிடந்ததில்லை. 'கா' என்ற குரல் எந்தத் திசையில் கேட்கிறதோ அந்தத் திசைக்குப் பறப்பான். இறங்குகிற இடம் பிசகாது. பசியாறிய பிறகு, இன்றைக்குக் கூப்பிட்டது இன்னார் என்று குரலை வைத்தே சொல்லிச் சிரிப்பான்.

ஒரு வருஷம் ஆற்றில் தண்ணீர் வரவில்லை. மறு வருஷமும் வரவில்லை. கழி வறண்டு உப்பாகப் பாளம் கட்டியது. மீனவர்கள் படகுகளைக் கவிழ்த்துப் போட்டுவிட்டுப் பிழைப்புத் தேடிப் போனார்கள். வேறு வழியில்லாமல் கருப்புப் பறவைகளும் கிளம்பி மேற்கே பறந்தன. நெடுமூக்கன் தங்கையின் சிறகடிப்பைக் கேட்டுக்கொண்டே அவள் பின்னால் வந்தான்.

பல நாள் பறந்து அவர்கள் ஒரு மலைச்சோலையை அடைந்தார்கள். அத்தியும் நாவலும் காட்டுப் பலாவும் அடர்ந்து, பாறையிடுக்கில் அருவி விழுகிற சோலை. இனிய குரல் படைத்த பறவைகள் அங்கே வாழ்ந்தன. அவர்களுக்குத் தலைவி பண்மொழி என்ற நீலக்குருவி. விடியும்போது அவள் சீழ்க்கையடித்தால் அருவிகூடச் சற்று மெதுவாக விழுவதுபோல் இருக்கும்.

வந்தவர்களின் ஒட்டிப்போன உடம்புகளைப் பார்த்துப் பண்மொழி மனம் இரங்கினாள். தின்னச் சொன்னாள். அவர்கள் தின்று முடித்த பிறகு தன் நிபந்தனையைச் சொன்னாள்.

"இங்கே பழத்துக்குக் குறைவில்லை. எத்தனை காலம் வேண்டுமானாலும் நீங்கள் இருக்கலாம். ஆனால் உங்கள் பேச்சை மட்டும் சோலைக்கு வெளியே விட்டுவிட்டு வாருங்கள். அந்தக் குரலைக் கேட்டால் எங்கள் குஞ்சுகள் கூட்டுக்குள்ளேயே நடுங்குகின்றன. உங்கள் பேச்சைப் பேசுகிறவர்கள் இங்கே தங்க முடியாது."

அவள் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. குஞ்சுகளை வைத்திருக்கிற எந்தத் தாயும் சொல்லக்கூடியதுதான் என்று மைச்சிறகிக்கே தோன்றியது. கூட்டத்தார் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பின்னால், பல நாள் பட்டினிக்குப் பிறகு அன்றைக்குத்தான் வயிறு நிறைந்த பிள்ளைகள் நின்றன. சரி என்றார்கள்.

சோலைப் பேச்சு எளிதாக வரவில்லை. கரகரத்த தொண்டையைச் சுருக்கி, மூச்சை மெலிதாக்கி, நாக்கை வளைத்துப் பழகினார்கள். மைச்சிறகி அதை ஆசையாகவே கற்றாள். மாலை வெயில் இலைகளின் மேல் வழிவதற்கு அந்தப் பேச்சில் ஒரு சொல் இருந்தது. மழை நின்ற பிறகும் மரம் சொட்டிக்கொண்டிருக்குமே, அதற்கு ஒரு சொல் இருந்தது. இவ்வளவு அழகான பேச்சு நம் வாயிலும் வருகிறதே என்று பூரித்துப்போனாள்.

ஆனால் 'கா' என்பதற்கு அந்தப் பேச்சில் சொல் இல்லை. அவரவர் கிளையில் அவரவர்க்குப் பழம் தொங்கிய சோலை அது. யாரும் யாரையும் அழைக்க வேண்டியிருக்கவில்லை, அதனால் சொல்லும் உண்டாகவில்லை. மைச்சிறகி எப்படியெல்லாமோ சொல்லிப் பார்த்தாள். இங்கே பழம் இருக்கிறது என்றால், கேட்டவர்கள் அவள் பெருமை பேசுவதாக நினைத்தார்கள். உண்ணுங்கள் என்றால் அதிகாரம்போல் ஒலித்தது. வாருங்கள் என்றால், எதற்கு என்று கேட்டார்கள். கொஞ்ச நாளில் அவளுக்கே அலுத்துவிட்டது. சொல்லாமல் தின்றாலும் பழம் தொண்டையில் இறங்கப் பழகிவிட்டது.

முதலில் அவள்தான் அண்ணனுக்குப் பழம் கொண்டுபோய்க் கொடுத்துவந்தாள். பிறகு முட்டையிட்டு அடைகாக்க உட்கார்ந்தபோது, அவனைப் பார்த்துக்கொள்ளும்படி மற்றவர்களிடம் சொன்னாள். அவர்கள் மனதாரத்தான் சரி என்றார்கள். வழியில் அவனைப் பார்த்தபோதெல்லாம், சாப்பிட்டாயா என்று மறக்காமல் விசாரித்தார்கள். அது சோலைப் பறவைகளின் மரியாதை. நெடுமூக்கனும் மரியாதையாக, ஆயிற்று என்று பதில் சொன்னான். வாய் திறந்து கேட்டு வாங்கித் தின்று அவனுக்குப் பழக்கமில்லை. பழைய பேச்சில் குரல் கொடுக்கலாமென்றால், தன்னால் தங்கை குடும்பம் சோலையை விட்டுப் போக நேருமே என்று பயந்தான்.

ஒரு காலையில் அவன் அத்திமரத்தின் அடியில் இறந்து கிடந்தான். உடம்பு சருகுபோல் இருந்தது. அவன் உட்கார்ந்திருந்த கிளைக்கு மேலே மரம் முழுக்கப் பழுத்திருந்தது.

மைச்சிறகி கூட்டை விட்டு இறங்கி வந்து வெகுநேரம் அவன் அருகில் நின்றாள். சோலைப் பறவைகள் வந்து மிக இனிமையான இரங்கற்பாட்டு ஒன்றைப் பாடின. பாட்டு நெஞ்சை உருக்கத்தான் செய்தது. ஆனால் அண்ணனை நினைத்து அவளுக்குள் எழுந்த எதுவும் அந்தப் பாட்டின் சொற்களில் அடங்கவில்லை.

குஞ்சுகள் பொரித்து வளர்ந்தன. மூத்தவனுக்குச் சோலை வழக்கப்படி தென்றலன் என்று பெயர் வைத்தார்கள். சோலைப் பேச்சு அவனுக்குத் தண்ணீர்பட்ட பாடு. பண்மொழியே அவனைக் கூப்பிட்டுப் பேசவைத்துக் கேட்பாள். ஒரு நாள் தென்றலன் பெரிய பலாச்சுளை ஒன்றை எடுத்துக்கொண்டுபோய், முதுகைத் திருப்பி உட்கார்ந்து தனியாகத் தின்றுகொண்டிருந்தான். சற்றுத் தள்ளி ஒரு கிளையில் அவன் தம்பி பார்த்துக்கொண்டிருந்தான்.

"தம்பியைக் கூப்பிடவில்லையா?" என்று சோலைப் பேச்சில் கேட்டாள் மைச்சிறகி.

தென்றலன் உண்மையிலேயே யோசித்தான். "கூப்பிடலாம். என்ன சொல்லிக் கூப்பிடுவது, அம்மா?"

அவள் வாயைத் திறந்தாள். சொல் தொண்டைவரை வந்தது. பக்கத்துக் கிளையில் பண்மொழியின் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தன. அவள் வாயை மூடிக்கொண்டாள்.

பிள்ளை பொல்லாதவன் இல்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. அவனிடம் அந்தச் சொல் இல்லை. சொல் இல்லாததால் அந்த நினைப்பும் இல்லை. அண்ணன் இறந்ததும் இதனால்தான் என்று அவளுக்கு அப்போது விளங்கியது. சாப்பிட்டாயா என்று எல்லோரும் கேட்டார்கள். கூப்பிடுவதற்குத்தான் யாருமில்லை. அன்றைக்கு அவளுக்கு அதுவரை இல்லாத ஒரு பயம் வந்தது. கழிமுகத்தில் பசி வந்தபோதும் 'நாம்' இருந்தோம். இங்கே பசியில்லை, ஆனால் 'நாம்' எங்கே என்று அவள் கூட்டம் முழுவதையும் ஒரு முறை பார்த்தாள். கிளைக்கு ஒருவராக, எல்லோரும் முதுகைக் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

பின்னர் மலையிலும் மழை பொய்த்தது. அருவி நூலாக இளைத்து, ஒரு நாள் அதுவும் அறுந்தது. அத்தி பூக்கவில்லை, பலா பிஞ்சு பிடிக்கவில்லை. சோலையில் யாருக்கும் சேர்ந்து தேடிப் பழக்கமில்லாததால், ஒவ்வொருவரும் தனித்தனியாகப் பறந்து தேடினார்கள். ஒன்றிரண்டு பழம் கண்டவர்கள் ஓசையில்லாமல் தின்றுவிட்டு, ஓசையில்லாமல் திரும்பினார்கள். பண்மொழியின் சீழ்க்கை நின்றுவிட்டது. மலையடிவாரக் குடிகளும் தினை விளையாமல், காட்டுக் கிழங்கைத் தேடி மண்ணைக் கிண்டிக்கொண்டிருந்தார்கள்.

மைச்சிறகியும் தேடிப் போனாள். மலைக்கு அப்பால் யாரும் போகாத ஒரு பள்ளத்தாக்கின் மேல் பறந்தபோது, கீழே மஞ்சளாக ஏதோ விரிந்து கிடந்தது. இறங்கிப் பார்த்தாள். மூங்கில் காடு பூத்து முடிந்திருந்தது. மூங்கில் தன் வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான் பூக்கும். பூத்து, நெல்லை உதிர்த்துவிட்டுக் காய்ந்துபோகும். அந்தக் காடு முழுவதும் ஒரே காலத்தில் பூத்து நெல்லைக் கொட்டியிருந்தது. கால் வைத்தால் கால் மறைகிற அளவுக்கு நெல். அவளும் அவள் பிள்ளைகளும் பஞ்சம் தீரும்வரை உட்கார்ந்து தின்னலாம், ஒருவருக்கும் தெரியவராது.

அவள் ஒரு நெல்லைக் கொத்தி உமி நீக்கி வாயில் போட்டாள். பசியால் கண் இருண்டுகொண்டிருந்தது. ஆனாலும் அந்த அரிசி உள்ளே இறங்கவில்லை. தொண்டையில் அப்படியே நின்றது. எத்தனையோ காலமாகச் சொல்லாமல் வைத்திருந்த சொல் அந்த இடத்தில் அடைத்துக்கொண்டிருந்தது.

சொன்னால் சோலை இல்லை. பிள்ளைகளுக்கு அதைத் தவிர வேறு ஊர் தெரியாது. திரும்பிப் போகக் கழியும் இல்லை. இதையெல்லாம் அவள் நினைத்துப் பார்த்தாள். பிறகு அந்த அரிசியைக் கீழே துப்பினாள். உயரமான ஒரு மூங்கிலின் உச்சியில் ஏறி உட்கார்ந்து, தொண்டையைச் சுருக்காமல், நாக்கை வளைக்காமல், பிறந்தபோது வந்த குரலில் கூப்பிட்டாள்.

"கா."

அந்தக் குரல் பாறையில் மோதி மலை முழுவதும் கேட்டது. அவள் நிறுத்தவில்லை. மறுபடியும் மறுபடியும் கூப்பிட்டாள்.

சோலையில் வாடிக் கிடந்த மூத்த கருப்புப் பறவைகள் திடுக்கிட்டு நிமிர்ந்தன. ஒன்று தன்னை அறியாமல் 'கா' என்று பதில் கொடுத்தது. உடனே பக்கத்துக் கிளையிலும் கேட்டது, அடுத்த மரத்திலும் கேட்டது. அந்தச் சொல்லைப் பிறந்ததிலிருந்து கேட்டேயிராத தென்றலனும், யாரோ தன்னைத் தொட்டு எழுப்பியதுபோலக் கிளையை விட்டு எழும்பினான். அது என்ன சொல் என்று அவன் யாரிடமும் கேட்கவில்லை. கூட்டம் முழுவதும் மலையைத் தாண்டிப் பறந்தது. என்ன நடக்கிறது என்று புரியாமல் சோலைப் பறவைகளும் பின்னாலேயே வந்தன.

மலைச்சரிவில் சடைச்சி என்பவள் நாலைந்து பெண்களோடு கிழங்கு அகழ்ந்துகொண்டிருந்தாள். அவர்கள் ஊர்ப் பேச்சில் 'கா' என்றால் காப்பாற்று என்று பொருள். குரல் காதில் விழுந்ததும் அவள் கையிலிருந்த குழிவெட்டும் கோலைப் போட்டுவிட்டு எழுந்தாள். அது மனுசக் குரல்மாதிரி இல்லையே, எங்கே ஓடுகிறாய் என்று மற்ற பெண்கள் தடுத்தார்கள்.

"எதோட குரலா இருந்தா என்ன?" என்றாள் சடைச்சி. "கா-ன்னு ஒரு உசிரு கூப்பிட்டா போகணும்ல."

முள்ளிலும் பாறையிலும் இறங்கி அவள் முன்னால் ஓட, மற்றவர்களும் தொடர்ந்தார்கள். யாரையோ காப்பாற்றப் போனவர்கள், பள்ளத்தாக்கில் கொட்டிக் கிடந்த நெல்லைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்கள். சடைச்சி இரண்டு கையாலும் அள்ளினாள். விரலிடுக்கில் நெல் வழிந்தது. அவள் அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

எல்லோரும் வந்து இறங்கிய பிறகுதான் மைச்சிறகி உச்சியிலிருந்து கீழே வந்து வாய் வைத்தாள். இந்த முறை அரிசி இறங்கியது.

பசியாறியதும் பண்மொழி அவளிடம் வந்தாள். சட்டத்தை மீறியது தெரியும் என்றும், தான் போய்விடுவதாகவும், பிள்ளைகளை மட்டும் சோலையில் இருக்கவிடும்படியும் மைச்சிறகி முந்திக்கொண்டு சொன்னாள்.

"அந்தச் சொல்லுக்கு என்ன பொருள்? எங்கள் பேச்சில் சொல்" என்றாள் பண்மொழி.

மைச்சிறகி தலையைச் சாய்த்து யோசித்தாள். பிறகு தன் சொந்தப் பேச்சிலேயே பதில் சொன்னாள். "ரொம்ப காலமா சொல்லிப் பாத்துட்டேன் தாயி, வரல. ஆனா நான் கூப்பிட்டேன், நீங்க வந்தீங்க இல்ல? அதுதான் அர்த்தம்."

பண்மொழி சுற்றிலும் பார்த்தாள். தரை முழுக்கப் பறவைகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு கொத்திக்கொண்டிருந்தன. தென்றலன் ஒரு நெற்கதிரை இழுத்து வந்து தம்பியின் முன்னால் போட்டுவிட்டு, வாய்க்கு வராத அந்தச் சொல்லைக் கீச்சுக்குரலில் பழகிக்கொண்டிருந்தான்.

"எங்கள் பேச்சில் இல்லாத சொல்லே கிடையாது என்று நினைத்திருந்தேன்" என்றாள் பண்மொழி. "நான் வைத்த சட்டத்தை நானே எடுத்துவிடுகிறேன். எங்கள் தொண்டைக்கு உங்கள் சொல் வராது. நீங்கள் சொல்லுங்கள், நாங்கள் கேட்டுக்கொள்கிறோம்."

சோலைப் பேச்சைத் தானும் விடப்போவதில்லை என்று மைச்சிறகி சொன்னாள். மழை நின்ற பிறகு மரம் சொட்டுவதற்குத் தன் பேச்சில் சொல் கிடையாது, அந்தச் சொல்லைத் தந்தது சோலைதான், அது தன் பிள்ளைகளுக்கும் வேண்டும் என்றாள். பண்மொழிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வெகுநாளைக்குப் பிறகு அவள் ஒரு தடவை சீழ்க்கையடித்தாள்.

சடைச்சியும் மற்ற பெண்களும் கூடைகூடையாக மூங்கில் நெல்லைச் சுமந்துகொண்டு ஊருக்குப் போனார்கள். உரலில் குற்றி, உலை வைத்து, வெகுகாலம் கழித்து அந்த ஊரில் சோறு பொங்கியது. பிள்ளைகள் தட்டேந்தி நின்றன. சடைச்சி அகப்பையை எடுத்தவள், ஒரு நிமிஷம் நிறுத்தினாள். கூப்பிட்டவளுக்குக் கொடுக்காமல் தின்றால் இந்தச் சோறு நமக்கு ஒட்டாது என்று சொல்லிவிட்டு, முதல் பிடியை ஒரு இலையில் வைத்து, வெளியே பாறையின் மேல் கொண்டுபோய் வைத்தாள்.

ஊரோரத்து இலுப்பை மரத்தில் மைச்சிறகி உட்கார்ந்திருந்தாள். வா, வந்து சாப்பிடு என்று சடைச்சி தன் பேச்சில் கூப்பிட்டாள். மைச்சிறகி திரும்பிப் பார்த்தாள். ஆனால் அசையவில்லை. பிள்ளைகளைத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்துக்கொண்டாள். கருப்பி என்றும் கூப்பிட்டுப் பார்த்தாள் சடைச்சி. அதற்கும் பறவை வரவில்லை.

சடைச்சிக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. உயிர் கொடுத்தவளை அழைக்கத் தன்னிடம் ஒரு பெயர்கூட இல்லை. பள்ளத்தாக்கில் கேட்ட குரலை நினைத்துப் பார்த்தாள். வாயருகே கையைக் குவித்துக்கொண்டு, அந்தக் கரகரப்பு தன் குரலில் வருமட்டும் வரவழைத்துக் கூப்பிட்டாள்.

"கா... கா..."

பிள்ளைகள் சிரித்தார்கள். ஆனால் இலுப்பை மரத்தில் மைச்சிறகி எழுந்து நின்றுவிட்டாள். கழிமுகத்தை விட்டு வந்த பிறகு, தன் சொல்லைச் சொல்லி இன்னொருவர் தன்னை அழைத்து அவள் கேட்டதே இல்லை. அதுவும் மனித வாயிலிருந்து. உச்சரிப்பு பிசகுதான். அவளுக்கு அது பொருட்டாகவே படவில்லை. பறந்து வந்து பாறையில் இறங்கினாள். சோற்றைப் பார்த்தாள். பிறகு தலையை நிமிர்த்தித் தன் கூட்டத்தை அழைத்தாள்.

"நான் ஒன்னையத்தானே கூப்பிட்டேன்?" என்று கேட்ட சடைச்சி, வானத்திலிருந்து வரிசையாக இறங்குகிறவர்களைப் பார்த்ததும் புரிந்துகொண்டாள். உள்ளே போய் இன்னும் இரண்டு அகப்பைச் சோறு கொண்டுவந்து வைத்தாள்.

அவர்களுக்குக் காக்கை என்று பெயர் வைத்தவளும் அவள்தான். நிறத்தை வைத்தோ மூக்கை வைத்தோ பெயர் சொல்லாமல், அவர்களுடைய சொல்லையே எடுத்து அவர்களுக்குப் பெயராக்கினாள். மழை திரும்பி, கழிமுகத்துக்கு ஆறு வந்த பிறகும் காக்கைகளில் பாதிக்குமேல் கடற்கரைக்குப் போகவில்லை. தங்களைத் தங்கள் சொல்லாலேயே கூப்பிடுகிறவர்கள் இருக்கிற ஊர்களில் தங்கிவிட்டார்கள்.

கோழியை 'பா பா' என்கிறோம், நாயை 'தோ தோ' என்கிறோம், மாட்டுக்கு நாமே ஒரு பெயர் வைத்துக் கூப்பிடுகிறோம். காக்கைக்குச் சோறு வைக்கும்போது மட்டும் நம் பேச்சைக் கொஞ்ச நேரம் ஓரமாக வைத்துவிட்டு, அதன் சொல்லை நம் வாயில் எடுத்துக்கொள்கிறோமே, அது மூங்கில் பூத்த அந்தப் பஞ்சத்தில் சடைச்சி கூப்பிட்ட நாளிலிருந்துதான். முதலில் வந்து இறங்குகிற காக்கை சோற்றில் வாய் வைக்காமல், தலையை நிமிர்த்தி மற்றவர்களைத்தான் இன்றைக்கும் அழைக்கிறது.